வரைபடத்துக்கு வெளியே ஓர் அறை

கோடை லீவுக்கு வந்திருந்த அக்கா பையன் என் லேப்டாப்பில் டூம் 2 என்ற பழைய சுடும் ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தான். ஆட்டம் வந்தது 1994-ல், பையனுக்கு இப்போது வயது பன்னிரண்டு, கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அவன் ஆடியது மூல ஆட்டத்தின் மேப்பும் (ஆடும் களம்) இல்லை. 1996-ல் யாரோ ஒருவர் வீட்டில் உட்கார்ந்து செய்து இலவசமாகப் போட்ட ஒரு மாட், அதாவது மூல ஆட்டத்தின் மேல் ரசிகர்கள் ஒட்டும் மாற்றம், மொத்தமே இரண்டு மேப். முதல் மேப்பின் நடுவில் கதவுக்குப் பின்னால் ஒரு பெரிய கூடம், நான்கு தூண்கள், நடுவில் நீலச் சாவி. சாவிக்குப் பக்கத்தில் துப்பாக்கியோடு இரண்டு பேர் நிற்பார்கள், சுட்டுத்தான் ஆகவேண்டும். சுட்ட சில நொடிகளில் முதுகுப்பக்கம் ஒரு இம்ப், அதாவது ஒரு வகை அரக்கன், நிற்கும். அதை முடித்துத் திரும்பினால் இன்னொன்று. ரேஷன் கடை வரிசை மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக எட்டு. கதவு எதுவும் திறக்கவில்லை, சுவர் எதுவும் இறங்கவில்லை.

"மாமா, இவனுங்க எங்கருந்து வர்றானுங்க?"

தெரியாது என்றேன். அடுத்த கேள்வி உடனே வந்தது. மைன்கிராஃப்டில் வளர்ந்த பிள்ளை இல்லையா, எதைப் பார்த்தாலும் அதில் எதையாவது ஒட்டவைக்க வேண்டும். "இதுல இன்னொரு ரூம் சேர்க்கலாமா? இன்னும் ரெண்டு இம்ப் விடலாமா?"

சேர்க்கலாம். ஆனால் அதற்கு முன்னால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவேண்டும். எனக்கே அந்த ஆசை பழையது. தொண்ணூறுகளின் கடைசியில் பெரியப்பா வீட்டுக் கம்ப்யூட்டரில், ஒரு பத்திரிகையோடு வந்த சிடியில் முதல் டூமின் ஷேர்வேர் (இலவசமாகக் கிடைத்த முன்பகுதி) இருந்தது, ஒன்பது மேப் மட்டும். அதே சிடியில் ஒரு ஃபோல்டர் நிறைய மாட்கள். ஒன்றைச் சேர்த்து ஓட்டிப் பார்த்தேன். ஷேர்வேரோடு கூடுதல் கோப்பு சேர்க்க முடியாது, பதிவு செய் என்று ஒரு வரியைக் காட்டிவிட்டு ஆட்டம் வெளியே வந்துவிட்டது. அன்றைக்குக் கோபம். இப்போது யோசித்தால் அதுதான் நியாயம்: யார் வேண்டுமானாலும் மாட் செய்யுங்கள், ஆனால் ஆடுகிறவன் ஆட்டத்தைக் காசு கொடுத்து வாங்கியிருக்கட்டும் என்பதுதான் டூமைச் செய்த ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் கேட்டுக்கொண்டது. பதிலுக்கு அவர்கள் செய்துகொடுத்தது பெரிய விஷயம். முந்தைய வுல்ஃபென்ஸ்டைன் 3டி-யை ஆட்கள் பிரித்துப் படங்களை மாற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்து, டூமில் அவர்களின் நிரலர் ஜான் கார்மாக் நிரலைத் தனியாகவும் சுவர், சத்தம், மேப் எல்லாவற்றையும் வாட் என்ற தனிக் கோப்பிலும் வைத்தார். (நாம் ஜிஎஸ்டிக்கு முன்னால் கட்டிய வாட் வேறு.) டூம் வெளிவந்தது 1993 டிசம்பர் 10. அடுத்த வருடத் தொடக்கத்திலேயே நியூசிலாந்தின் பிரெண்டன் வைபர் தொடங்கிவைத்த டிஇயூ என்ற மேப் எடிட்டர் வந்துவிட்டது. ஐடி எந்தக் கையேடும் தராமலே ஆட்கள் கோப்பின் உள்ளமைப்பைத் தோண்டி எடுத்திருந்தார்கள்.

நாங்களும் தோண்டினோம். ஸ்லேட் என்றொரு கருவி இருக்கிறது, வாட் கோப்பை ஒரு ஃபோல்டர் போலத் திறந்து காட்டும். ஆனால் பையனுக்கு முதலில், கோப்பின் பைட்டுகளை வெறும் எண்களாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில்தான் காட்டினேன். கோப்பு என்பது எண்களின் நீளமான ஒரு வரிசை, அதில் மந்திரம் ஒன்றும் இல்லை என்பதை இந்த வயதில் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் நல்லது என்று ஒரு மாமா ஆசை.

முதல் நான்கு பைட்: 50 57 41 44. எழுத்தாகப் படித்தால் பி, டபிள்யூ, ஏ, டி. மூல ஆட்டத்தின் கோப்பாக இருந்தால் முதல் எழுத்து ஐ. பி என்றால் பேட்ச், ஒட்டுத்துணி. அடுத்த நான்கு: 19 00 00 00. இதைப் பின்னாலிருந்து படிக்கவேண்டும், அதுவும் பதினாறின் கணக்கில். 19 என்றால் பதினாறும் ஒன்பதும், இருபத்தைந்து. உள்ளே இருபத்தைந்து லம்ப். லம்ப் என்றால் கட்டி, ஒரு மேப்பின் கோடுகள் ஒரு கட்டி, ஒரு பாட்டு ஒரு கட்டி. அதற்கடுத்த நான்கு பைட், பொருளடக்கம் கோப்பில் எங்கே இருக்கிறது என்று சொல்லும். ஆக, தலைப்பு மொத்தம் 12 பைட்தான். பொருளடக்கத்தில் ஒரு லம்புக்கு 16 பைட்: எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம், எட்டு எழுத்துக்கு மிகாமல் ஒரு பெயர். இருபத்தைந்து பதினாறு நானூறு. கோப்பின் வாலில் சரியாக 400 பைட் இருந்தது. "டேலி ஆயிடுச்சு" என்றான் பையன். கணக்கு நோட்டில் அவன் இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

ஒரு மேப்புக்கு ஒரு பெயர்ப்பலகை, அதன்பின் பத்து லம்ப்: பொருள்கள், கோடுகள், கோட்டின் பக்கங்கள், புள்ளிகள், செக்டர்கள் (ஒரே தரையும் கூரையும் கொண்ட பகுதிகள்), மீதி ஆட்டம் வேகமாக ஓட முன்கூட்டியே போட்டு வைத்த கணக்குகள். இரண்டு மேப்புக்கு இருபத்திரண்டு. மீதி மூன்றில் ஒன்று முகப்புப் படம், இரண்டு பாட்டு. அவ்வளவுதான் மாட். சுவர்ப் படமோ இம்ப்பின் உருவமோ ஒன்றுகூட இதில் கிடையாது. "இந்தச் சுவருக்கு உன்னிடம் இருக்கும் இன்ன பெயர் கொண்ட படத்தை எடுத்துக்கொள்" என்று பெயர் மட்டும் எழுதியிருக்கும். அதனால்தான் மூல ஆட்டம் கையில் வேண்டும், இல்லாவிட்டால் அதே பெயர்களில் வேறு படங்களைப் புதிதாக வரைந்து வைத்திருக்கும் ஃப்ரீடூம் வேண்டும். பாட்டு மாறும் விதமும் இதே மாதிரிதான். மூலக் கோப்பில் இருக்கும் பாட்டின் பெயரையே மாட்டில் இருக்கும் பாட்டுக்கும் வைத்துவிட்டால் போதும். ஆட்டம் ஒரு பெயரைத் தேடும்போது பட்டியலின் கடைசியிலிருந்து முன்னோக்கித் தேடுகிறது, கடைசியாக ஏற்றிய கோப்பு முதலில் மாட்டும். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் பின்னால் வந்தவன் ஜெயிப்பான். முப்பது வருட மாட் உலகத்தில் பெரும்பங்கு இந்த ஒரு ஏற்பாட்டின் மேல் நிற்கிறது.

நீளத்தை வைத்தே நிறைய சொல்லலாம். பொருள்கள் லம்ப் 1,270 பைட். ஒரு பொருளுக்குப் பத்து பைட், எனவே திறக்காமலே 127 பொருள்கள் என்று தெரியும். கோடுகள் லம்ப் 11,466 பைட், ஒரு கோட்டுக்குப் பதினான்கு, எனவே 819 கோடுகள். பொருளின் பத்து பைட்டில் ஐந்து எண்கள்: கிழக்கு மேற்கு, வடக்கு தெற்கு, எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது, என்ன வகை, சில குறிகள். 3001 என்றால் இம்ப். 2001 என்றால் ஷாட்கன். 1 என்றால் நாம் வந்து நிற்கும் இடம். பையன் 3001-ஐ மட்டும் எண்ண ஆரம்பித்தான். நான் தடுத்து, மேப்பை எடிட்டரில் திறந்தேன்.

அல்டிமேட் டூம் பில்டரில் மேப் மேலிருந்து பார்க்கும் வீட்டு பிளான் மாதிரி தெரியும். கூடம், நடைகள், கதவுகள் எல்லாம் இருந்தன. அப்புறம் வலது ஓரத்தில், எதோடும் ஒட்டாமல், வெட்டவெளியில் ஒரு சின்ன நீள்சதுர அறை. உள்ளே எட்டு 3001. ஆட்டத்தில் அந்த அறைக்குப் போக வழியே இல்லை. அறையின் குறுக்கே ஒரு கோடு, அதன் வகை எண் 97: யார் தாண்டினாலும், எத்தனை முறை தாண்டினாலும், டெலிபோர்ட், அதாவது தாண்டியவனை அந்த நொடியே வேறு இடத்தில் கொண்டுபோய் விடும். அந்தக் கோட்டில் எழுதியிருந்த எண் 7. கூடத்தில் நீலச் சாவிக்குப் பின்புறம் ஒரு சதுரம், அதற்கும் எண் 7, அதற்குள் 14 வகைப் பொருள் ஒன்று, அதாவது வந்து இறங்கும் இடம். கோட்டின் நடுவில் ஒரு சின்ன குச்சி நீட்டிக்கொண்டிருக்கும், அதுதான் கோட்டின் முன்பக்கம். அந்தப் பக்கத்திலிருந்து தாண்டினால்தான் வேலை செய்யும். வரிசையாக வந்ததற்கும் காரணம் கிடைத்தது. இறங்கும் இடத்தில் ஏற்கெனவே ஒருவன் நின்றால் அடுத்த அரக்கன் வரமுடியாது, அவன் நகரும் வரை அறைக்குள்ளேயே முட்டிக்கொண்டிருப்பான். ரேஷன் கடை என்று நான் சொன்னது உண்மையிலேயே ரேஷன் கடைதான்.

"சரி மாமா, ஆனா நாம சுட்டது அவனுங்களுக்கு எப்படிக் கேட்டுச்சு?"

நல்ல கேள்வி. பதில் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது, நடுவில் மேப்பையும் ஒருமுறை கெடுத்தேன்.

எடிட்டரில் மவுஸைக் கூடத்தின் மேல் கொண்டுபோனால் கூடம் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். கூடவே அந்த வெளி அறையும் ஒளிர்ந்தது. எண்ணைப் பார்த்தால் இரண்டுக்கும் ஒரே செக்டர் எண். எனக்குச் சட்டென்று தோன்றியது, இது பிழை. தொண்ணூறுகளின் எடிட்டரில் கை தவறியிருப்பார், பாவம். கூடத்தோடு ஒரு புது அறை சேர்க்கும்போது வெளிச்சத்தை மாற்றவேண்டி வரும், அப்போது இந்த ஒட்டு தொந்தரவு செய்யும் என்று நினைத்து, வெளி அறையைச் சொடுக்கித் தனி செக்டராக்கினேன். பெரிய உபகாரம் செய்த நினைப்பு. புது அறையையும் வரைந்தேன், இரண்டு மருந்துப் பெட்டி, இரண்டு தோட்டாப் பெட்டி வைத்தேன். சேமித்து ஓட்டச் சொன்னேன்.

பையன் கூடத்துக்குப் போனான், சுட்டான், காத்திருந்தான். ஒருத்தரும் வரவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு மேப்பை முடித்தான். கடைசித் திரையில் கொன்றவை 83 சதவீதம். மொத்தம் 48 அரக்கர்கள், அதில் எட்டுப் பேர் எங்கேயோ நின்றுகொண்டிருக்கிறார்கள்.

ஐடி டூமின் மூல நிரலை 1997 டிசம்பரில் வெளியிட்டது, 1999-ல் ஜிபிஎல் என்ற திறந்த உரிமத்தின் கீழும் கொண்டுவந்தது. அதனால் இந்த மாதிரி சந்தேகத்துக்கு யாரையும் கேட்கவேண்டியதில்லை, போய்ப் படித்துக்கொள்ளலாம். படித்தேன். டூமில் ஒலி என்பது ஊர் வதந்தி மாதிரி. நாம் சுட்டதும், நாம் நிற்கும் செக்டரில் "இவன் சத்தம் போட்டான்" என்று ஒரு குறிப்பு விழுகிறது. அங்கிருந்து திறந்த வழியுள்ள பக்கத்து செக்டருக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு. மூடிய கதவு தடுக்கும். தூரம் ஒரு பொருட்டே இல்லை. ஒவ்வொரு அரக்கனும் தான் நிற்கும் செக்டரில் குறிப்பு விழுந்திருக்கிறதா என்று பார்க்கிறான், விழுந்திருந்தால் கிளம்புகிறான்.

இங்கேதான் விஷயம். ஒரு செக்டருக்கு வாட் கோப்பில் 26 பைட்: தரை உயரம், கூரை உயரம், தரைப் படத்தின் பெயர், கூரைப் படத்தின் பெயர், வெளிச்சம், வகை, எண். இடம் என்று ஒன்று அதில் இல்லவே இல்லை. எங்கே இருக்கிறது, என்ன வடிவம் என்பது செக்டருக்கே தெரியாது. சுவர்களின் பக்கங்கள்தான், ஒவ்வொன்றும் முப்பது பைட்டின் கடைசி இரண்டில், "நான் இன்ன செக்டரைப் பார்த்து நிற்கிறேன்" என்று சொல்கின்றன. மேப்பின் இரண்டு கோடியில் இருக்கும் சுவர்கள் ஒரே எண்ணைச் சொன்னால், ஆட்டத்தைப் பொறுத்தவரை அது ஒரே அறை. கூடத்தில் விழுந்த குறிப்பு அந்த நொடியே வெளி அறையிலும் விழுகிறது. கை தவறவில்லை. மனுஷன் தெரிந்தே செய்திருக்கிறார், நான்தான் தேவையில்லாத தூண் என்று நினைத்துத் தூணை இடித்திருக்கிறேன்.

அந்தக் காலத்து மேப் செய்பவர்களுக்கு இது பழகிய உத்தி என்று அப்புறம் தெரிந்துகொண்டேன். தெரிந்து என்ன, இரண்டு நாள் போனது போனதுதான்.

ஒட்டைத் திரும்ப ஒட்டினேன். எட்டுப் பேரும் வந்தார்கள். இப்போது பையன் கேட்ட கூடுதல் இம்ப் இரண்டு. இதில் என்ன சிக்கல் வரப்போகிறது என்று, முதல் நடையின் மூலையில் நின்ற ஒரு இம்ப்பை நகலெடுத்து வெளி அறையில் இரண்டு முறை ஒட்டினேன். ஓட்டினால் எட்டுப் பேர்தான் வந்தார்கள். 96 சதவீதம். ஐம்பதில் நாற்பத்தெட்டு. என் ஆட்கள் இரண்டு பேரும் வேலைக்கு வரவில்லை.

இந்த முறை நிரலுக்குப் போகவில்லை, பத்து பைட்டுக்குப் போனேன். பழைய எட்டின் கடைசி எண் 7. என் இரண்டின் கடைசி எண் 15. அந்தக் கடைசி எண்ணில் 1 எளிய நிலை, 2 நடு நிலை, 4 கடின நிலை. மூன்றும் சேர்ந்தால் 7, எல்லா நிலையிலும் இருப்பான். இன்னொரு 8 சேர்ந்தால் பதுங்கியிருப்பவன்: சத்தம் கேட்டாலும், நம்மை நேரில் பார்க்கும்வரை அசையமாட்டான். நடையின் மூலையில் அது சரியான புத்தி. நான்கு சுவருக்குள் அடைபட்ட அறையில் யாரைப் பார்ப்பது? ஆட்டம் முடியும்வரை காத்துக்கொண்டே நிற்பான். எட்டைக் கழித்ததும் இரண்டு பேரும் வந்தார்கள், நூறு சதவீதம், பையன் தெருவுக்கே கேட்கும்படி கத்தினான். அக்கா அடுக்களையிலிருந்து, "ரெண்டு பேரும் சாப்பிட வர்றீங்களா இல்லையா" என்று கத்தினாள். இந்தச் சத்தம் எந்தக் கதவையும் தாண்டும்.

இந்த இடத்தில் கொஞ்சம் விலகிப் போகிறேன். 2023 மார்ச்சில் வந்த மைஹவுஸ் என்ற டூம் மாட் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் கிடைக்கும் வாட் கோப்பைத் திறந்து பார்த்தால் சாதாரண வீடு ஒன்று, புதிதாக மேப் பழகுகிற ஒவ்வொருவரும் செய்கிற தன் சொந்த வீடு மாதிரி. கூடவே ஒரு பிகே3 கோப்பும் இருக்கும். பிகே3 என்றால் வெறும் ஜிப்தான், பெயரை மாற்றினால் திறந்துவிடும். உண்மையான வீடு, முடிவில்லாமல் மாறிக்கொண்டே போகும் வீடு, அதற்குள் இருக்கிறது. உள்ளே பார்க்கும் பழக்கமுள்ளவர்களை வைத்தே விளையாடிய மாட் அது. எனக்கு அதைத் திறக்காமல் ஆடி முடித்ததில் பெருமையே. இரண்டாம் முறை திறந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, நம் மேப்புக்கு வருவோம். பையன் தூங்கியபிறகு, வேலை முடிந்துவிட்டது என்றாலும் மூட மனம் வரவில்லை. கோடுகளின் வரிசை எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரைந்த வரிசையிலேயேதான் பெரும்பாலும் அவை கோப்பில் கிடக்கும், நடுவில் அழித்திருந்தால் எண்கள் கொஞ்சம் நகர்ந்திருக்கும். தொடக்க அறையும் முதல் நடையும்தான் முதல் இருநூற்றுச் சொச்சம் கோடுகள். அவற்றின் முனைகள் எல்லாம் 64-இன் மடங்குகள், கட்டம்போட்ட தாளில் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி. சுவர்ப் படங்கள் மூலைகளில் பொருந்தாமல் வெட்டிக்கொண்டு நிற்கின்றன, யாரும் கவலைப்படவில்லை. கூடத்திலிருந்து ஆள் மாறுகிறார். முனைகள் 1037, 683 என்று எங்கே தோன்றியதோ அங்கே. படங்கள் ஒவ்வொரு மூலையிலும் ஒரு புள்ளி பிசகாமல் பொருந்துகின்றன. ஒரே ஆள் பழகப் பழக மாறியிருக்கலாம். எனக்கு என்னவோ இரண்டு கை என்றுதான் பட்டது.

மாட்டோடு ஒரு உரைக்கோப்பு வரும். அந்தக் காலத்தில் எல்லோரும் நிரப்பி அனுப்பிய ஒரே படிவம்: தலைப்பு, செய்தவர், எடுத்துக்கொண்ட நேரம், எந்த எடிட்டர், தெரிந்த பிழைகள் என்று வரிசையாக. இவர் நேரத்துக்கு "ரொம்ப" என்று எழுதியிருந்தார், பிழைக்கு "இல்லை". எதன் மேல் கட்டியது என்று ஒரு வரி உண்டு, புதிதாகச் செய்தது என்றுதான் பெரும்பாலும் எழுதுவார்கள். இவர் அதைக் காலியாக விட்டிருந்தார். கீழே அனுமதி வரி. இந்த மேப்பை அடிப்படையாக வைத்து மற்றவர்கள் வேறு மேப் செய்யலாம், சாய்கோடு, செய்யக்கூடாது. இரண்டில் ஒன்றை அழிக்கவேண்டும். இவர் இரண்டையும் விட்டிருந்தார்.

ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தின் மின்னஞ்சல் முகவரி இருந்தது. நாலு வரி எழுதி அனுப்பினேன். ஒரு நிமிடத்துக்குள் திரும்பி வந்துவிட்டது, அப்படி யாரும் இங்கே இல்லை.

என் பங்குக்கு அதே படிவத்தை நானும் நிரப்பினேன். செய்தவர் என்ற இடத்தில் பையன் பெயரும் என் பெயரும். எதன் மேல் கட்டியது என்ற இடத்தில் அவர் மாட்டின் பெயரும் அவர் பெயரும், முழுதாக. தெரிந்த பிழைகள், இல்லை. அனுமதி வரிக்கு வந்தபோது கர்சரை அங்கேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். என்னுடையதாக இருப்பது ஓர் அறை, நான்கு பெட்டி, இரண்டு இம்ப். அவரும் இப்படி ஒரு ராத்திரியில், இருநூறு கோடுகளை வேறு யாரிடமிருந்தோ எடுத்துக்கொண்டு, இதே வரியில் உட்கார்ந்திருப்பாரோ என்று தோன்றியது. நானும் இரண்டையும் அப்படியே விட்டேன். நெட்டில் ஏற்றவில்லை. பென்டிரைவில் போட்டுப் பையனிடம் கொடுத்தனுப்பினேன்.

நாங்கள் முடித்தபோது முதல் மேப்பின் பொருள்கள் லம்ப் 1,330 பைட். பள்ளிக்கூடம் திறந்து மூன்று வாரம் கழித்து அவனிடமிருந்து ஒரு கோப்பு வந்தது, கூட ஒரு வார்த்தை இல்லை. ஸ்லேடில் போட்டுப் பார்த்தேன். 1,830.